விட்டுப்போன பொருள்

"ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க, அம்மா."

குன்றேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே பேராசிரியர் மெய்கண்டான் புகாரைச் சொல்லிவிட்டார்.

பூங்கோதை அம்மை முறுக்கு தின்றுகொண்டிருந்தார். கல்லூரிக்குப் பின்னாலுள்ள குன்றின் மேல் அவருடைய ஒற்றை அறை மடம். வயதில் அவர் மெய்கண்டானுக்கு இளையவர். அது மெய்கண்டானுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கால் தானாகக் குன்றேறிவிடும்.

"எங்கே வரமாட்டேங்கிறாங்க?"

"மனநல ஆலோசனை அறைக்கு."

மாணவர்களுக்காகக் கல்லூரியில் அந்த அறையைத் திறந்து ஒரு செமஸ்டர் ஆகியிருந்தது. உளவியல் துறை இல்லாத கல்லூரி. மனசு என்று ஒன்று இருந்தால் அது தமிழ்த்துறையில்தான் இருக்கும் என்று முதல்வர் முடிவுசெய்து, மெய்கண்டானை ஆலோசகர் ஆக்கிவிட்டார்.

மெய்கண்டானும் பயிற்சிக்குப் போய் வந்தார். மெத்தை வைத்த நாற்காலி வாங்கினார். மேசையில் டிஷ்யூ பெட்டி, ஜன்னலில் ஒரு செடி. கண்களில் கனிவை வரவழைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அழ ஒருவரும் வரவில்லை. டிஷ்யூவெல்லாம் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்தே தீர்ந்துகொண்டிருந்தது.

"ஒருத்தர்கூடவா வரலை?"

"ஒரு பையன் வருவான். ஜெபஸ்டின்னு பேரு. வேதியியல், ரெண்டாம் வருஷம். ஆனா அவனைக் கணக்குல சேர்க்க முடியாது."

"ஏன்?"

"என்னப்பா பிரச்சினைன்னு கேட்டா, 'சும்மாதான் வந்தேன் சார்'ங்கிறான்."

முறுக்கின் சத்தம் நின்றது.

"சும்மா வந்து என்ன பண்ணுவான்?"

"முதல் தடவை, அந்தச் செடி பிளாஸ்டிக்கான்னு கேட்டான்."

"பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக்தான்."

"அப்புறம்?"

"அடுத்த தடவை பேசவே இல்லை. டிஷ்யூவுல கப்பல் பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தான். பிரச்சினை ஏதாவது வந்தா வாப்பான்னு அனுப்பிட்டேன். போன வாரம் மறுபடி வந்தான். ஞாயித்துக்கிழமை அறை திறந்திருக்குமா சார்னு கேட்டான். ஞாயிறு லீவுப்பான்னேன். அதோட சரி. இந்த வாரம் வகுப்புக்கும் போகலையாம். ஹாஸ்டல்ல கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்கானாம். சோம்பேறி. எனக்கும் ஒரு தொந்தரவு விட்டுது."

அம்மை முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"வாத்தியாரே, சும்மான்னா என்ன பொருள்?"

மெய்கண்டானின் முகம் மலர்ந்தது. அவர் முனைவர் பட்டம் வாங்கியதே வினையடைகளைப் பற்றி எழுதித்தான். அதைப் பற்றிக் கேட்க நாட்டில் ஆள் கிடைப்பது அபூர்வம்.

"அது ஒரு வினையடை, அம்மா." குரல் வகுப்புத் தமிழுக்கு மாறியது. "'சும்மா திரிகிறான்' என்றால் வேலையில்லாமல். 'சும்மா கொடுத்தான்' என்றால் இலவசமாக. 'சும்மா சொன்னேன்' என்றால் விளையாட்டுக்கு. 'சும்மா சும்மா கேட்காதே' என்றால் ஓயாமல். ஞானிகள் 'சும்மா இரு' என்பதற்குத் தனியாக ஒரு நூலே எழுதலாம்."

"எழுதிடாதீங்க. அவ்வளவுதானா?"

"அகராதியில அவ்வளவுதான்."

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"எது?"

அம்மை எழுந்து வாசலைக் காட்டினார். ஏதோ காட்டப்போகிறார் என்று மெய்கண்டான் வெளியே போய் நின்றார்.

கதவு சாத்திக்கொண்டது. தாழும் விழுந்தது.

நல்ல வெயில். குடை உள்ளே இருந்தது.

தட்டினார்.

"யாரு?"

"நான்தாம்மா. மெய்கண்டான்."

"என்ன பிரச்சினை?"

"பிரச்சினையா? பிரச்சினைன்னு ஒண்ணும்..."

குடையைக் கேட்கலாம். ஆனால் ஒரு முனைவர் குடைக்காகக் குன்றேறி வந்ததாக ஆகிவிடும்.

ஒரு செமஸ்டர் முழுக்க யாரும் வராத அறையில் தனியாக உட்கார்ந்திருந்ததைச் சொல்லலாம். அதைச் சாத்திய கதவிடம் எப்படிச் சொல்வது?

"சும்மாதான் வந்தேன், அம்மா."

"அப்படியா? பிரச்சினை ஏதாவது வந்தா வாங்க."

உள்ளே முறுக்கு கடிபடும் சத்தம் கேட்டது.

மெய்கண்டான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாக்கியம் அவருடையது. அதிலிருந்த கனிவும் அவருடையதுதான்.

பிறகு குன்றை விட்டு இறங்கினார். இறங்கினார் என்பது சரியான வினைச்சொல் அல்ல. ஓடினார்.

ஹாஸ்டல் மாடியில் ஜெபஸ்டினின் அறை சாத்தியிருந்தது. தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார்.

"யாரு?"

"நான்தாம்பா. தமிழ் சார்."

கட்டில் கிரீச்சிட்டது.

"என்ன சார்? ஏதாவது பிரச்சினையா?"

மெய்கண்டானுக்கு மூச்சு வாங்கியது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பயிற்சியில் மனப்பாடம் செய்த வாக்கியங்களெல்லாம் குடையோடு குன்றிலேயே தங்கிவிட்டன.

"இல்லப்பா. சும்மாதான் வந்தேன்."

கட்டில் மறுபடி கிரீச்சிட்டது.

தாழ்ப்பாள் விலகியது. வாரக்கணக்கில் சீப்பைப் பார்க்காத தலை ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு உள்ளே திரும்பி, நாற்காலியில் குவிந்து கிடந்த துணிகளைக் கட்டிலுக்குத் தள்ளியது.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார்," என்றான் ஜெபஸ்டின். "லீவாச்சே."