பிசின் பூசிய கோபுரம்

குளக்கரை ஆலமரத்தடிக் குடிசையில் குட்டிகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. நடத்தியவள் நாரை அக்கா. அங்கே யாரும் பாடம் ஒப்பிப்பதில்லை. தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது, எல்லாமே அங்கே படிப்புதான்! ஒவ்வொரு குட்டியும் தன் பாயைத் தானே விரிக்கும். பிடித்த வேலையைத் தானே எடுத்துச் செய்யும். முடித்ததும் இருந்த இடத்தில் திருப்பி வைக்கும். நாரை அக்கா ஒற்றைக் காலில் நின்று பார்ப்பாள். அவசியம் இல்லாமல் அலகைத் திறக்க மாட்டாள்.

குரங்குக் குட்டி மொட்டுவுக்குக் கோபுரம் என்றால் உயிர். மரங்கொத்தி செதுக்கிக் கொடுத்த பத்துக் கட்டைகள். பெரியது அடியில், சுண்டுவிரல் அளவு கட்டை உச்சியில். வருஷம் முழுக்க அடுக்கினான், வருஷம் முழுக்க அது விழுந்தது. போன வாரம்தான் முதல் தடவையாகப் பத்தும் நின்றது. அதை அம்மா பார்க்கவில்லை!

விடிந்தால் அந்த வருஷப் பள்ளியின் கடைசி நாள். பெற்றோர் முன்னால் ஒவ்வொரு குட்டியும் ஒரு வேலை செய்து காட்ட வேண்டும்.

"அம்மா, நான் கோபுரம் கட்டப் போறேன்! நீ கண்ணால பார்க்கணும்!" என்றான் மொட்டு.

தாய் செண்பகம் பதறினாள். "விழுந்துட்டா என்னடா பண்றது? அந்த முள்ளம்பன்றி அம்மா காடு முழுக்கச் சொல்லிச் சிரிப்பா! பேசாம தண்ணி ஊத்திக் காட்டேன்!"

"கோபுரம்தான்!" என்றான் மொட்டு. பிடிவாதத்தில் அம்மாவையே உரித்து வைத்திருந்தான்.

அன்று பள்ளி விட்டதும், மகனின் துண்டை மறந்துவிட்டதாகச் சொல்லி செண்பகம் உள்ளே நுழைந்தாள். மூலையில் நாரை அக்கா அடுக்கி வைத்திருந்த கோபுரம் நின்றது. கட்டைக்குக் கட்டை கருவேலம் பிசினைப் பூசினாள். உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை! "இனி எப்படி விழும், பார்க்கிறேன்!" என்று வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பாவம், அவளுக்கு ஒன்று தெரியாது. தினமும் மகனை வாசலில் விட்டுவிட்டுத் திரும்புகிறவள்தானே! அந்தப் பள்ளியில் கோபுரத்தை முதலில் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையாகப் பாய்க்குத் தூக்கி வந்து, பிறகுதான் கட்ட வேண்டும்.

மறுநாள் பெற்றோர் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மொட்டு பாயை விரித்தான். உச்சிக் கட்டையைப் பிடித்து இழுத்தான். கோபுரம் முழுசாகக் கூடவே வந்தது!

"என்னடியம்மா இது, பத்தும் ஒண்ணாயிடுச்சு!" என்று முள்ளம்பன்றி அம்மா முட்கள் குலுங்கச் சிரித்தாள்.

மொட்டு கோபுரத்தைக் கீழே வைத்தான். செண்பகம் எழுந்து, "அதனால என்ன கண்ணு! அழகா நிக்குதே, அப்படியே தூக்கிக் காட்டு!" என்றாள்.

"இது நான் கட்டினது இல்லையே, அம்மா!"

செண்பகம் வாலைச் சுருட்டிக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மொட்டு கட்டையை முகர்ந்து பார்த்தான். "பிசின்!" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், பாத்திரம் கழுவும் வேலைக்கான தொட்டியைத் தூக்கி வந்தான். வெயிலில் சூடேறிக் கிடந்த தண்ணீரை ஊற்றினான். கோபுரத்தை ஊற வைத்தான், தேய்த்தான், ஒவ்வொரு கட்டையாகப் பிரித்துத் துடைத்தான். நாரை அக்கா காலை மாற்றி நின்றாள்.

பிறகு கட்டத் தொடங்கினான். எட்டாவது கட்டை வைத்ததும் மடமடவென்று சரிந்தது!

"அச்சச்சோ!" என்றது கூட்டம்.

மொட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தான். ஏழு... எட்டு... ஒன்பது... பத்து! நின்றது! முள்ளம்பன்றி அம்மாதான் முதலில் கை தட்டினாள்.

செண்பகம் ஓடி வந்து மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான்தான்டா பிசின் பூசினேன்! உன்னால முடியாதுன்னு நினைச்சுட்டேன்!"

மொட்டு அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டான். கோபுரத்தைப் பிரித்தான். "இப்ப நீ கட்டு, அம்மா!"

செண்பகம் அடுக்கினாள். நான்காவது கட்டையிலேயே எல்லாம் உருண்டது! "டேய், கொஞ்சம் பிடியேன்!" என்று கெஞ்சினாள்.

மொட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "தொட மாட்டேன்! உன்னால முடியும், அம்மா!"

விழுந்துவிடுமே என்று பயந்து பிள்ளையின் வேலையை நாம் செய்து வைத்தால், அவன் கற்றதைக் காட்டும் சந்தோஷத்தைத்தான் அவனிடமிருந்து பறிக்கிறோம்.