பந்தியில் கொஞ்சம் இடம்

அன்று மடத்துப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஆறு பேர். பரஞ்சோதி சாமி, அவருடைய சீடர் சிவக்கொழுந்து, சிவக்கொழுந்தின் மகள் செண்பகம், அவளை அழைத்துப்போக வந்த கணவன் கதிரேசன், அவனைப் பெற்றவர்கள் இரண்டு பேர்.

பரிமாறிய சமையற்காரரைச் சேர்க்கவில்லை.

இலை போடுமுன் சிவக்கொழுந்து சாமியிடம் தனியாக வந்தார்.

“பெண்ணுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும், சாமி. கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆச்சு. இவ இருந்த அறையைப் புதுத் தம்பதிக்குக் கொடுத்துட்டு இவளை அடுப்படியில படுக்கச் சொன்னாங்களாம். எதிர்த்துப் பேசியிருக்கா. மாப்பிள்ளை கை நீட்டிட்டார். பெட்டியோட வந்து நிக்கிறா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க.”

“அட்ஜஸ்ட்னா என்னப்பா? எனக்கு இங்கிலீஷ் வராது.”

“ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்கிறது, சாமி.”

“பஸ்ஸிலகூடச் சொல்றாங்களே.”

“அது தள்ளி உட்காரச் சொல்றது.”

“யாரைப் பார்த்துச் சொல்வாங்க?”

சிவக்கொழுந்து யோசித்தார். “தள்ளி உட்கார்ற மாதிரி இருக்கிறவங்களைப் பார்த்து.”

“சரி, சாப்பிடலாம் வா.”

ஒரே நீளப் பாய். மேல்கோடியில் சாமி. அடுத்துச் சம்பந்தி, சம்பந்தியம்மாள், கதிரேசன், சிவக்கொழுந்து. கடைசியில், வாசலோரம், செண்பகம்.

சாமி சம்மணத்தைத் தளர்த்தினார். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்றார் சம்பந்தியிடம்.

சம்பந்தி நகர்ந்து, மனைவியிடம் அதையே சொன்னார். அவள் மகனிடம் சொன்னாள்.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, மாமா” என்றான் கதிரேசன்.

சிவக்கொழுந்து மகள் பக்கம் திரும்பினார். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா.”

செண்பகம் நகர்ந்தாள்.

சாமி மறுபடி சொன்னார். மறுபடி அது வரிசையில் இறங்கி வந்தது. செண்பகம் பாயை விட்டு வெறுந்தரைக்குப் போனாள்.

“இப்ப இடம் போதுமாப்பா?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை.

மூன்றாம் தடவை சாமி வாயே திறக்கவில்லை. சம்பந்தியம்மாளுக்கு முட்டி வலி. காலை நீட்ட வேண்டியிருந்தது.

செண்பகம் இலையைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். அங்கே வெயில்.

சோறு வந்தது.

“எல்லாருக்கும் சௌகரியமா?” என்று கேட்டார் சாமி.

“தாராளமா இருக்கு” என்றாள் சம்பந்தியம்மாள். “சாப்பிட்டதும் இவளைக் கூட்டிட்டுப் புறப்படறோம்.”

சிவக்கொழுந்து வாசலைப் பார்த்தார். மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

இலையோடு எழுந்து போனார்.

அப்பா வருவதைக் கண்டதும், யாரும் சொல்லாமலே, செண்பகம் ஓரத்துக்கு ஒதுங்கினாள். அதற்கப்பால் படி இல்லை.

“நகராதே” என்றார்.

உள்ளே பாயில் மீதி நான்கு பேர்.