ஐந்து கால் காளையும் கடைசிக் கல்லும்

கடல் தாண்டி வரும் கப்பல்களை நம்பியே பிழைத்த பவழக்கரை நாட்டை, முன்னொரு காலத்தில் மகரக்கோன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காலையில் சிரித்தவன் மத்தியானம் யார் தலையைக் கேட்பான் என்று அரண்மனைச் சமையல்காரனுக்குக்கூடத் தெரியாது.

வணிகர்கள் தூர தேசத்துக் கட்டடங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல, ராஜாவுக்கு எல்லாமே வேண்டியிருந்தது. "கிரேக்கத் தூண் வேண்டும், உச்சியில் கல் இலை சுருண்டிருக்க வேண்டும். அசீரியாவில் வாசல் காக்கிற சிறகுக் காளை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எகிப்தில் ராஜாக்களைப் புதைக்கிற மாதிரிக் கல் கூம்பு ஒன்று. அத்தனையும் என் கோட்டை வாசல் ஒன்றிலேயே வேண்டும்."

நாகலிங்க ஆசாரி என்ற சிற்பி ஏழு வருஷத்தில் அதைக் கட்டி முடித்தான். பார்க்க வந்த ராஜா ஒரு மூலையில் நின்று காளையின் கால்களை எண்ணினான்.

"ஆசாரி, என் காளைக்கு ஏன் ஐந்து கால்?"

"அங்கே அப்படித்தான் செதுக்குவார்களாம், மகாராஜா. நேர் எதிரே வாருங்கள், இரண்டு காலூன்றி அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் போங்கள், நான்கு காலில் நடக்கும். எங்கே நின்று பார்த்தாலும் குறை தெரியாதிருக்க ஒரு கால் கூடுதல்."

ராஜா எதிரே ஓடினான், பக்கத்தில் ஓடினான், குழந்தை மாதிரிச் சிரித்தான். அருகில் நின்ற அலங்கார அதிகாரி பூவாடைராயருக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"நான் சொல்லிக் கொடுத்தது, பிரபு" என்றார். அதோடு விட்டாரா? 'இவ்வாயிலின் மர்மம் முழுதும் அறிந்து வகுத்தவர் பூவாடைராயர்' என்று காளையின் பீடத்தில் வெட்டவும் வைத்தார். ஆசாரி வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. பெரிய இடத்துப் பகை நமக்கெதற்கு என்று இருந்துவிட்டான்.

பகை அவனைத் தேடி வந்தது. ஒருநாள் காலைச் சபையில் ராயர் ராஜாவின் காதோரம் குனிந்தார்.

"பக்கத்து நாட்டு ராஜா ஆசாரியைக் கூப்பிட்டு இதே மாதிரி இன்னொன்று கட்டச் சொன்னால், பிரபு?"

ராஜாவின் முகம் கறுத்தது. "சொன்னால்?"

"எகிப்தில் கல்லறை மர்மம் அறிந்தவனை உள்ளேயே வைத்துச் சுவர் எழுப்பிவிடுவார்களாம். ஒரு வணிகன் சொன்னான். நம் கூம்பிலும் ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது."

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஆசாரியைக் கூம்பு அறைக்குள் தள்ளிவிட்டார்கள். ஒற்றைக் கொத்தன் சுவர் எழுப்பத் தொடங்கினான்.

ஆசாரியின் மனைவி செங்கமலம், பொழுது சாயும் நேரத்தில் இடுப்பில் குழந்தையோடு சபைக்கு ஓடி வந்தாள். குழந்தை அழுதால் காவலர் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று தன் சுண்டுவிரலை அதன் வாயில் கொடுத்திருந்தாள்.

ஒரு காவலன் வந்து வணங்கினான். "சுவர் உச்சிக்கு வந்துவிட்டது, இன்னும் நாலைந்து கல்தான், மகாராஜா."

"உன் புருஷனுக்காக அழ வந்தாயா?" என்றான் ராஜா.

"இல்லை, மகாராஜா. ஆளை மாற்றி வைக்கிறார்களே என்று சொல்ல வந்தேன். மர்மம் அறிந்தவர்தானே உள்ளே போக வேண்டும்? அது யாரென்று பீடத்திலேயே வெட்டியிருக்கிறதே."

சபை முழுக்க ராயர் பக்கம் திரும்பியது.

"என்ன ராயரே, கிளம்பலாமா?" என்றான் ராஜா.

"பொய், பிரபு. நான் வெட்டியது பொய். எனக்கு ஒரு மர்மமும் தெரியாது. அந்த ஐந்தாவது கால் எதற்கென்றுகூட அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். எல்லாம் ஆசாரி மூளை."

"அப்படியா?" ராஜா செங்கமலத்தைப் பார்த்தான். "நல்லது செய்தாய், பெண்ணே. மர்மம் அறிந்தவன் ஆசாரி ஒருவன்தான் என்று உறுதியாகிவிட்டது. சுவர் எழும்பட்டும்."

அவள் விரித்த வலை அவள் புருஷன் மேலேயே விழுந்துவிட்டது. அதற்குள் காவலன் மறுபடி வந்து நின்றான்.

"ஒரே ஒரு கல்தான் பாக்கி, மகாராஜா. வைத்துவிடலாமா?"

ராஜா தலையசைக்கப் போனான்.

"அந்தக் கல்லை யார் வைக்கப் போகிறார்கள், மகாராஜா?" என்றாள் செங்கமலம்.

"கொத்தன்தான்."

"அவர் வெளியே நின்றுதானே வைப்பார்? மத்தியானத்திலிருந்து அந்த அறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் மர்மம் தெரிந்துபோயிருக்குமே."

ராஜா யோசித்தான். "அவனையும் உள்ளே வைப்போம்."

"அவருக்குச் சுவர் எழுப்புகிறவர்?"

"அவனையும்தான்."

"இந்த ஊரில் இருபத்திரண்டு கொத்தர்கள், மகாராஜா. இருபத்திரண்டாவது ஆள் உள்ளே போனபின் சுண்ணாம்பு குழைக்க யார் மிஞ்சுவார்கள்? யாரையும் நம்ப முடியாதென்றால், கடைசிக் கல்லை மகாராஜா கையாலேதான் வைக்க வேண்டும்."

"வைக்கிறேன். எனக்கென்ன?"

"அப்புறம் உலகத்திலேயே மர்மம் அறிந்தவர் மகாராஜா ஒருவர்தான். வழக்கப்படி..."

ராஜா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவன் போல. அந்த நேரம் பார்த்துக் குழந்தை விரலைத் துப்பிவிட்டு வீறிட்டது. செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓடு" என்றான் ராஜா, காவலனிடம். "கல்லை வைக்க வேண்டாமென்று சொல். வைத்த கல்லையும் பிரிக்கச் சொல்." பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தான். "ராயரே, என்னையே கூம்புக்குள் ஏற்றப் பார்த்தீரே."

தன் பெயரைத் தானே உளி பிடித்துச் செதுக்கி எடுக்க வேண்டியதாயிற்று ராயருக்கு. அது மட்டுமில்லை. தினமும் காளையருகே நின்று, வருகிறவர்களை எதிரேயும் பக்கத்திலும் நடத்திக் காட்டி, "இது நாகலிங்க ஆசாரியின் வேலை" என்று சொல்ல வேண்டுமென்றும் உத்தரவானது. செங்கமலத்துக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான். ஆசாரிக்கு யார் கூப்பிட்டாலும் போகலாம் என்று முத்திரை ஓலை கொடுத்தான்.

தலைமயிரெல்லாம் சுண்ணாம்போடு ஆசாரி இறங்கி வந்தபோது, வாசலில் காத்திருந்த செங்கமலம் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஐந்தாவது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூம்பின் அறை மட்டும் அதற்குப்பின் மூடப்படவே இல்லை. கடைசிக் கல்லை வைக்க எந்த ராஜாவும் துணியவில்லை. அந்தத் திறப்பு வழியாகப் புறாக்கள்தான் போய்வந்துகொண்டிருந்தன.