சங்குத்தீவில் மழை

"தாயே, இந்த ரெண்டில் எது பொய்?"

ஆவுடையப்பர் இரண்டு பத்திரிகைகளையும் மணலில் விரித்தார். காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்தார்.

மீனம்மை கஞ்சிப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக் கஞ்சி மடம் அவளுடையது. கடலோடிகளுக்குக் கஞ்சி ஊற்றுவாள். மனம் நொந்து வருகிறவர்களுக்கும் கஞ்சிதான் ஊற்றுவாள். வயதில் ஆவுடையப்பரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் அவளைத்தான் அவர் குருவாக வரித்துக்கொண்டு, தினமும் மடத்துக்குத் தண்ணீர் சுமந்தார்.

"என்ன போட்டிருக்காங்க?" என்றாள்.

"சங்குத்தீவு பத்தி எரியுதுன்னு வடக்குத் தெருப் பத்திரிகை சொல்லுது. அங்க தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுக் கொண்டாடுதாங்கன்னு தெற்குத் தெருப் பத்திரிகை சொல்லுது."

சங்குத்தீவின் ராஜாவை அவருடைய தளபதியே விரட்டிவிட்டான். ராஜாவோடு தப்பி வந்தவர்கள் இந்த ஊர் வடக்குத் தெருவில் அச்சுக்கூடம் வைத்தார்கள். தளபதியோடு வியாபாரம் செய்கிறவர்கள் தெற்குத் தெருவில் வைத்தார்கள். மற்றக் கப்பல்களெல்லாம் நின்றுவிட்டன. இந்த இரு கூட்டத்தாரின் தோணிகள் மட்டும் தீவுக்குப் போய் வந்தன.

ஆவுடையப்பர் கப்பல்களுக்குப் பாய் தைப்பவர். அவருடைய ஒரே மகள் தெய்வானை சங்குத்தீவின் தலைநகரில், குயவர் தெருவில், ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளை ஏற்றிப்போன கப்பலின் பாயும் அவர் தைத்ததுதான். அது கடலில் சுருங்கிச் சுருங்கி வெள்ளைப் புள்ளியாகி மறைந்தது இன்னமும் அவர் கண்ணுக்குள் இருந்தது.

"மகளைப் பத்தி அந்தப் பத்திரிகைக்காரங்ககிட்டயே கேட்டீங்களா, அண்ணாச்சி?"

"கேட்டேன். வடக்குத் தெருக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். 'அந்தப் பாவிக கையில அவ என்ன பாடுபடுதாளோ! உங்க கண்ணீரைப் பத்திரிகையில போடட்டுமா?'ன்னு கேட்டார். தெற்குத் தெருக்காரர் என் வாயில கற்கண்டு போட்டார். 'உங்க மக இந்நேரம் பந்தல்ல கும்மியடிச்சுக்கிட்டு இருப்பா. உங்க சந்தோஷத்தைப் போடட்டுமா?'ன்னு கேட்டார்."

"போட்டாங்களா?"

"ரெண்டு பேருமே போட்டுட்டாங்க."

மீனம்மை சிரிக்கவில்லை. அகப்பையைப் பானை விளிம்பில் தட்டி வைத்தாள்.

"எது மெய்யா இருக்கணும்னு ஆசைப்படுதீங்க?"

"தெற்குத் தெரு சொல்லுததுதான். பெத்தவன் வேற எதுக்கு ஆசைப்படுவேன்?"

"அப்போ இனிமே வடக்குத் தெருப் பத்திரிகையை மட்டும் படிங்க."

அவர் அப்படியே செய்தார். கோடை முழுக்க அதையே படித்தார். சோறு இறங்கவில்லை. கரையில் யார் வீட்டுப் பெண் யாரை 'அப்பா' என்று கூப்பிட்டாலும் இவர் திரும்பிப் பார்த்தார்.

ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்தவர் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"தாயே, எனக்கு என்னமோ ஆகிப்போச்சு."

"என்ன?"

"நேத்துப் பத்திரிகையில தீயும் இல்லை, சாவும் இல்லை. எனக்குச் சப்புன்னு ஆகிட்டுது. மக இருக்கிற ஊர்ல சாவு இல்லைங்கிறான், பெத்த அப்பன் நான் ஏமாந்து போய் நிக்கேன்."

"முன்னாடி தெற்குத் தெருப் பத்திரிகை படிக்கையில எப்படி இருந்துச்சு?"

ஆவுடையப்பர் யோசித்தார்.

"பந்தலைப் பத்திப் போடாத அன்னைக்கு இதே மாதிரிதான் இருக்கும்."

"பத்திரிகை ரெண்டு," என்றாள் மீனம்மை. "படிச்சது ஒருத்தர்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் ஏக்கம் அதற்கெல்லாம் அடங்குகிறதா என்ன?

"எனக்கு ஞானம் வேண்டாம் தாயே. எம் மக இருக்காளா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும்."

மீனம்மை கடலைப் பார்த்தாள். கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது.

"ரெண்டு பேர்கிட்டயும் போங்க. மகளைப் பத்திக் கேக்காதீங்க. ராஜாவையும் கேக்காதீங்க, தளபதியையும் கேக்காதீங்க. அங்க மழை பெஞ்சுதான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

"மழையா?"

"மழைதான்."

வடக்குத் தெருக்காரர் அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மழையா? கொட்டித் தீர்த்துடுச்சாம். கடைவீதி முழுக்க வெள்ளம். எங்க ஆள் குயவர் தெரு வழியாச் சுத்தி வந்துதான் தோணியைப் பிடிச்சிருக்கான். அங்க ஏதோ ஒரு வீட்டுக்காரங்க உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சாங்களாம், இல்லேன்னா நனைஞ்சே செத்திருப்பான்."

அவர் கையில் இருந்த தாளில், மை காயாமல், கொட்டை எழுத்தில் இருந்தது: 'தலைநகரில் ஒரு கூரையும் மிச்சமில்லை.'

தெற்குத் தெருக்காரர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"மழைக்கு அங்க என்ன குறைச்சல்? பள்ளிக்கூடக் கூரை ஒழுகி, உள்ள அடைச்சு வச்சிருக்கிறவங்களை எல்லாம் வேற இடத்துக்கு மாத்த வேண்டியதாப் போச்சாம். காவலுக்கு நிக்கிறவன் பாடுதான் திண்டாட்டம்."

அவருக்குப் பின்னால் கட்டுக்கட்டாக அன்றைய பத்திரிகை. 'சிறைகள் காலி.'

ஆவுடையப்பர் மடத்துக்கு ஓடிவந்தார்.

"குயவர் தெரு இருக்கு தாயே! கூரையோட இருக்கு. வர்றவனை உள்ள கூப்பிட்டு உட்கார வைக்க ஆள் இருக்கு!"

மூச்சு வாங்கியது. பிறகு குரல் இறங்கியது.

"பள்ளிக்கூடத்துல யாரையோ அடைச்சு வச்சிருந்தாங்களாம். மாப்பிள்ளையும் வாத்தியார்தானே."

"இதை நம்புதீங்களா?"

"நம்புதேன்."

"சொன்னது அதே ரெண்டு பேர்தானே?"

"அவங்கதான். ஆனா மழையைப் பத்திச் சொல்லும்போது ரெண்டு பேருமே என் முகத்தைப் பார்க்கலை."

மீனம்மை ஒரு கிண்ணம் கஞ்சியை அவர் கையில் கொடுத்தாள்.

"வீட்டுல வடிவு மதினி எப்படி இருக்காங்க?"

"வடிவா? இருக்கா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலமானா என்ன சேதின்னு கேப்பா. மக நல்லா இருக்கான்னு சொல்லுவேன்."

"தினமுமா?"

"தினமும்."

"சொல்லும்போது அவங்க முகத்தைப் பார்ப்பீங்களா?"

"பார்க்காம? நம்பிட்டாளான்னு தெரியணும்லா..."

கிண்ணம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

மீனம்மை அடுத்த ஆளுக்குக் கஞ்சி ஊற்றப் போய்விட்டாள்.

அவர் வீட்டுக்குப் போனபோது வடிவு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்காமலே கேட்டாள்.

"என்ன சேதி?"

ஆவுடையப்பர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"அங்க நல்ல மழை. மக இருக்கிற தெரு இருக்கு. பள்ளிக்கூடத்துல ஆட்களை அடைச்சு வச்சிருந்து, இப்ப வேற இடத்துக்கு மாத்திட்டாங்களாம். மாப்பிள்ளை உள்ள இருக்காரா, வெளிய இருக்காரான்னு தெரியலை." தரையில் சிந்திய ஓர் அரிசியைப் பொறுக்கி முறத்தில் போட்டார். "மக நல்லா இருக்காளான்னும் தெரியலை. இத்தனை நாளும் எனக்குத் தெரியாது, வடிவு."

அவள் கதறுவாள் என்று பயந்து காத்திருந்தார்.

வடிவு முறத்தை ஒதுக்கி வைத்தாள். எழுந்து வந்து அவர் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்தாள். மகள் கப்பலேறிய பிறகு இருவரும் அப்படி உட்கார்ந்ததே இல்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான் எம் மகளைப் பத்தி ஒரு சேதி சொல்லியிருக்கீங்க," என்றாள். "சொல்லுங்க. இன்னும் என்னெல்லாம் தெரியாது?"