அசையாமல் நின்ற ஸ்டூடியோ

பூவாணிப்பட்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால், அதிலிருந்து இம்மியும் நகரமாட்டார்கள்.

அந்த ஊரில் செல்லக்கனியும் கணவன் கோமதிநாயகமும் தம்பி பேச்சிமுத்துவும் போட்டோ ஸ்டூடியோ நடத்தினார்கள். கல்யாணப் படமெல்லாம் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கில். அது ஒரு நேரம் படத்தைக் காட்டும். ஒரு நேரம் ‘படிக்க முடியவில்லை’ என்று கைவிரிக்கும். செல்லக்கனிக்குத் தூக்கமே இல்லை. மெக்கானிக் அருளப்பன் வந்து நின்றால் மட்டும் அது சமர்த்துப் பிள்ளை.

அருளப்பன் அலுத்துப்போனார். “அடுத்த தடவை மக்கர் பண்ணுறப்ப எதையும் மாத்தாதீங்க. எது எப்படி இருக்கோ அப்படியே விட்டுட்டு எனக்குப் போன் போடுங்க.”

மறுநாள் காலையில் வாடிக்கைக்காரி தங்கபுஷ்பம் வந்தார். மகள் சாயங்கால ரயிலில் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். அதற்குள் கல்யாண ஆல்பம் வேண்டும். பேச்சிமுத்து படத்தைத் திறந்தான். ‘படிக்க முடியவில்லை.’

“யாரும் அசையாதீங்க!” என்று செல்லக்கனி அலறினாள்.

ஒற்றைக் காலில் ஸ்டூல்மேல் எம்பி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த கோமதிநாயகம் அப்படியே நின்றார். தங்கபுஷ்பம் திட்டுவதற்கு வாயைத் திறந்திருந்தார்.

“மூடிராதீங்க மதினி” என்று செல்லக்கனி கெஞ்சினாள்.

“போன் யாரு போடுறது?” என்றார் கோமதிநாயகம்.

“அக்கா போடட்டும் அத்தான்” என்றான் பேச்சிமுத்து.

“போனு மேசையிலல்லா இருக்கு? எடுத்தா மாத்தினதாயிருமேடா.”

“போடாட்டி அவரு வரமாட்டாரே?”

“வரமாட்டாரு. ஆனா வந்தா கண்டுபிடிச்சிருவாரு.”

“அக்கா, இங்கன இருந்த ஈ பறந்துபோச்சே!”

“ஐயையோ, அதைப் பிடிச்சு பழைய இடத்துல உக்காரவைக்கணுமே!”

நல்லவேளை, முந்தின நாள் மறந்துவிட்டுப்போன குடையைத் தேடி அருளப்பனே வந்தார். மேசைக்கு அடியில் புகுந்து ஒரு வயரை அழுத்தினார். படங்கள் வரிசையாக வந்தன. தங்கபுஷ்பத்தின் வாய் அப்படியே சிரிப்பாக மாறியது.

“வயர் லூசு. கையை எடுத்தா படம் போயிரும். யாராச்சும் பிடிங்க, புது வயர் வாங்கிட்டு வாரேன்.”

செல்லக்கனி குறுக்கே வந்து நின்றாள். “வேண்டாம்ணே! உங்க கை தொழில் படிச்ச கை. எங்க கைக்கு அது கட்டுப்படுமா? ஆல்பம் முடியுற வரைக்கும் நீங்களே பிடிங்க.”

“என் இடுப்பு போயிரும்மா!”

அதுவும் நியாயம்தான். கை மாற்ற ஆள் தேடி பேச்சிமுத்து சைக்கிளில் பறந்தான். அருளப்பனின் தம்பியை ஏற்றிக்கொண்டு வந்தான். அவர் தையற்காரர்.

“ஒரே தாய் பிள்ளைங்க. கையும் ஒண்ணாத்தானே இருக்கும்?” என்றான்.

தையற்காரர் பிடித்தார். படம் போகாமல் நின்றது. தங்கபுஷ்பம் ஆல்பத்தோடு ரயிலடிக்கு ஓடினார். அருளப்பன் புது வயரோடு திரும்பி வந்தார்.

“வயரை நம்ப முடியாதுண்ணே. என்னைக்கு இருந்தாலும் அது லூசாகும். சொந்தம்னா அப்படி ஆகுமா?” என்றாள் செல்லக்கனி. “உங்க தம்பிக்கு எங்க சித்தப்பா மகளைப் பேசி முடிச்சிருவோம். கை நம்ம வீட்டோட இருந்துரும்.”

மேசைக்கு அடியிலிருந்து தையற்காரர் கூச்சத்தோடு கேட்டார்: “பொண்ணு போட்டோ இருக்கா?”

“கம்ப்யூட்டர்லதான் தம்பி இருக்கு. வெளியே வந்து பாருங்க. கையை மட்டும் எடுத்துராதீங்க!”