முந்திக்கொண்ட கைத்தட்டல்

ஒரு காலத்தில் ஓர் இசைத்தட்டுக்குள் ஒரு கைத்தட்டல் குடியிருந்தது. அந்தத் தட்டில் சாக்ஸபோனும் டிரம்மும் பியானோவும் ஆளுக்கொரு பக்கம் வீடு வாசல் என்று வசதியாக இருந்தன. கைத்தட்டலுக்கு மட்டும் ஒண்டுக்குடித்தனம். பாட்டின் நடுவே எல்லா வாத்தியங்களும் ஒரு மூச்சு நேரம் நிறுத்துகிற இடத்தில் ஒரு சின்ன மௌனம் உண்டு. அந்த மௌனத்தின் வீட்டில்தான் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

மௌனம் வாய் திறந்து எதுவும் சொல்லாது. ஆனால் வேண்டாத விருந்தாளியைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்க்கும். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை கைத்தட்டல்.

அது பிறந்த கதையே அப்படிப்பட்டது. மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றின் நடனக்கூடத்தில் அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாஸ் வாசிப்பார்கள். வாரம் முழுக்கப் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்கிற ரெஜினால்ட், ஞாயிறன்று கோட்டும் டையுமாக வந்து சாக்ஸபோன் வாசிப்பார். முன்வரிசை மேஜையில் ஓர் இளைஞர், ஒரே ஒரு லைம் சோடாவை வைத்துக்கொண்டு காலை முழுவதையும் ஓட்டிவிடுவார். அவர்தான் புரசைவாக்கத்துத் தணிகாசலம், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. சின்ன வயதிலிருந்து அப்பாவோடு சபா சபாவாகப் போய்க் கச்சேரி கேட்டு வளர்ந்த காது அவருடையது. அந்தக் காதை அப்படியே எடுத்துக்கொண்டுதான் ஜாஸுக்கும் வந்திருந்தார்.

ஒரு ஞாயிறு, ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் மைக்கெல்லாம் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். டிரம் தனியாக வெளுத்து வாங்கியது. கடைசியில் ஒரு முடிப்பை வாசித்தது. அதையே மறுபடி வாசித்தது. மூன்றாம் முறையும் வாசித்துவிட்டுச் சட்டென்று நின்றது. கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பாட்டு இன்னும் முடியவில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தணிகாசலத்தின் கைக்குத் தெரியாது. சபாவில் மிருதங்கக்காரர் ஒரே முடிப்பை மூன்று முறை வாசித்து நிறுத்தினால் தனி ஆவர்த்தனம் முடிந்தது என்று பொருள். கை தட்ட வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில் அவர் பட், பட், பட் என்று தட்டிவிட்டார். நாலாவது தட்டு பாதி வழியில் பயந்துபோய் அரைகுறையாக விழுந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. ரெஜினால்ட் சிரித்துக்கொண்டே சாக்ஸபோனை வாயில் வைத்தார், பாட்டு தொடர்ந்தது.

அந்த மூன்றரைத் தட்டுதான் நம் கைத்தட்டல்.

தட்டு கடைக்கு வந்த அன்றே தணிகாசலம் ஒன்றை வாங்கிவிட்டார். அதைப் போட்டுக் கேட்க ரெக்கார்டு பிளேயர் வாங்கியது அதற்கு அப்புறம்தான். பிறகு பித்துப் பிடித்துக்கொண்டது. மூர் மார்க்கெட் பழைய சாமான் கடைகளில் புழுதியோடு புழுதியாக உட்கார்ந்து தேடினார். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கட்டில் நாற்காலிகளை விற்கிறபோது, இவர் போய்த் தட்டுகளை மட்டும் கேட்டார். துறைமுகத்தில் மாலுமிகளோடு சிநேகம் பிடித்தார். மனைவி கனகவல்லியின் புடவை பீரோவில் தட்டுகள் குடியேறின. புடவைகள் டிரங்குப் பெட்டிக்குப் போயின. கட்டின பெண்டாட்டிக்கு இல்லாத பீரோ என்று கனகவல்லி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்காட்டுவார். ஆனால் தட்டுத் துடைப்பதற்கென்று நல்ல மல் வேட்டியாகப் பார்த்துக் கிழித்துக் கொடுப்பதும் அவர்தான்.

பீரோ நிறைய அயல்நாட்டுத் தட்டுகள். ஊரில் வேறு யாரிடமும் இல்லாதவையும் அதில் இருந்தன. அப்படியும் வீட்டுக்கு யார் வந்தாலும் தணிகாசலம் முதலில் எடுப்பது அந்த மவுண்ட் ரோடு தட்டைத்தான். டிரம் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் ஆள்காட்டி விரலை உயர்த்திவிடுவார். அந்த விரலுக்கு மிக்ஸிகூட நின்றுபோகும். முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பட், பட், பட்.

"இது நான்" என்பார்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்குக்கூட அவர் இதைப் போட்டுக் காட்டியதுண்டு. அந்த ஒரு நொடியில் கைத்தட்டலுக்குத் தலைகால் புரியாது.

சாக்ஸபோனுக்கு இது பொறுக்காது. "தட்டின் உறையில் எங்கள் பெயரெல்லாம் அச்சாகியிருக்கிறது. உன் பெயர் எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்" என்று கேட்கும்.

தான் இன்னும் முடிக்கவே இல்லை, இது முந்திக்கொண்டு வந்து மானத்தை வாங்கிவிட்டது என்று டிரம் புலம்பும்.

"நீங்கள் எல்லோரும் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர்கள். நான் தாங்க முடியாமல் வந்தேன்" என்று கைத்தட்டல் சொல்லும். சொல்லிவிட்டு மௌனத்தின் வீட்டில் இன்னும் கொஞ்சம் கால் நீட்டி உட்கார்ந்துகொள்ளும்.

காலம் போயிற்று. நடனக்கூடம் துணிக்கடை ஆயிற்று. ரெஜினால்ட் போய்ச் சேர்ந்தார். தட்டின் வரிகளும் தேய்ந்து, சாக்ஸபோனுக்கு லேசாகக் குரல் கம்மியது. அப்போதுதான் ரெஜினால்டின் மகள் ஷெரில் வந்தாள். ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். அப்பாவின் அந்த ஒரே தட்டைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிட வேண்டும் என்பது அவள் ஆசை. வீடு மாறிய அமளியில் அவர்களிடமிருந்த பிரதி தொலைந்துபோயிருந்தது. ஊரெல்லாம் விசாரித்துக் கடைசியில் புரசைவாக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

தணிகாசலத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. பீரோவைத் திறந்து ஒவ்வொரு தட்டாக எடுத்து, அது எந்தக் கப்பலில் வந்தது, எந்தக் கடையில் கிடைத்தது, பேரத்தில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் கேட்டு வந்த தட்டின் முறை வருவதற்குள் அவளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கைத்தட்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே தட்டைக் கொடுத்தனுப்பிவிட்டார். ஊருக்கெல்லாம் சொன்னவர், சொல்ல வேண்டியவளிடம் விட்டுவிட்டார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் தட்டு சுழன்றது. ஓசைகள் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் ஏறின. சாக்ஸபோனுக்குக் குரல் திரும்பியது. பியானோ புதுப் பெண் மாதிரி பளிச்சென்று ஆயிற்று. ஷெரில் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி திரையைப் பார்த்துப் பார்த்து வேண்டாததை எல்லாம் எடுத்தாள். கீறல் போயிற்று, மின்விசிறியின் முனகல் போயிற்று, யாரோ ஸ்பூனைக் கீழே போட்ட சத்தம் போயிற்று. மௌனத்தின் நடுவே முள் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் பிடுங்கி எறிந்தாள்.

கைத்தட்டல் போய் விழுந்த இடம் கணினியின் குப்பைக்கூடை. அங்கே ஓர் இருமல் ஏற்கெனவே சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"வாப்பா. கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். நான் யாருடைய இருமல் என்பதே எனக்கு மறந்துபோயிற்று" என்றது.

"எனக்கு மறக்காது. நான் புரசைவாக்கம் தணிகாசலம்" என்றது கைத்தட்டல்.

சொன்னதே தவிர, உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. பழைய தட்டு இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்? இனி உலகம் கேட்கப்போவது புதியதைத்தான். அதில் இல்லாவிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த முன்வரிசை மேஜையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார் என்பதற்கே சாட்சி இல்லாமல் போய்விடும். கைத்தட்டலுக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்கு அழத் தெரியாது. தட்ட மட்டும்தான் தெரியும்.

அடுத்த வாரம் ஷெரில் கணினியோடு புரசைவாக்கத்துக்கு வந்தாள். தட்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிய பதிவை முதலில் அவர்தான் கேட்க வேண்டும் என்று போட்டாள். அடடா, என்ன சுத்தம். ரெஜினால்ட் அடுத்த அறையில் நின்று வாசிக்கிற மாதிரி இருந்தது. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். கனகவல்லி தானாகவே மிக்ஸியை நிறுத்தினார். டிரம் தொடங்கியது. தணிகாசலத்தின் விரல் உயர்ந்தது.

முதல் முறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

ஒன்றும் வரவில்லை. மௌனம் தன் வீட்டில் தனியாக இருந்தது. விரல் மட்டும் அந்தரத்தில் நின்றது.

குப்பைக்கூடைக்குள்ளிருந்து கைத்தட்டல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது சாக்ஸபோன் உள்ளே வர வேண்டும். வந்தது. மூன்று குட்டைச் சுரங்கள், நாலாவது பாதியில் விழுங்கப்பட்ட ஒரு சுரம். காலி இடத்தில் படி இருக்கிறது என்று கால் வைத்தவர் மாதிரி சாக்ஸபோன் தடுக்கி விழுந்தது. எழுந்து சமாளித்துப் பாட்டைத் தொடர்ந்தது என்றாலும், மானம் போயிற்று.

தணிகாசலம் விரலை மெல்ல இறக்கினார். இந்த இடத்தில் ஒரு கைத்தட்டல் இருந்ததே அம்மா என்று கேட்டார். யாரோ தெரியாமல் தட்டிவிட்டார்கள் அங்கிள், அதனால் எடுத்துவிட்டேன் என்றாள் ஷெரில். அது நான்தான் என்று அவர் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. ஆனாலும் தொழில் தெரிந்த பெண். தப்பான இடத்தில் விழுந்ததை எப்படி வைத்துக்கொள்வது என்று தயங்கினாள்.

"தப்பான இடம்னு யாரும்மா சொன்னாங்க? மூணு தடவை வாசிச்சு நிறுத்தினா தட்டணும். எந்த சபாவுல வேணா போய்க் கேளு" என்றார் தணிகாசலம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போகட்டும். உங்க அப்பா தட்டு. உன் இஷ்டம்."

அதற்கு மேல் அவர் கெஞ்சவில்லை. வேட்டித் துணியை எடுத்துப் பழைய தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஷெரிலுக்கு மனசு கேட்கவில்லை. அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். இன்னொரு தடவையும் ஓடவிட்டாள். ஒவ்வொரு தடவையும் சாக்ஸபோன் விழுந்து எழுந்தது.

"அங்கிள், அப்பா இங்க ஏன் தடுமாறுறாரு? அவருக்கு மூச்சு தவறவே தவறாது."

"தடுமாறலம்மா" என்றார் தணிகாசலம். "எனக்குப் பதில் சொல்றாரு."

குப்பைக்கூடைக்குள் கைத்தட்டல் நிமிர்ந்து உட்கார்ந்தது. கணினிக்குள் எங்கிருந்தோ சாக்ஸபோனின் குரல் கேட்டது. இத்தனை வருஷமாக உறையைக் காட்டிக் கேலி பேசிய அதே குரல். "வந்துவிடு. நீ கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். பைத்தியம் என்று நினைக்கிறார்கள்."

ஷெரில் குப்பைக்கூடையைத் திறந்தாள். மூன்றரைத் தட்டையும் சிந்தாமல் சிதறாமல் எடுத்து, மௌனத்தின் நடுவில் பழைய இடத்திலேயே வைத்தாள். மீண்டும் ஓடவிட்டாள். பட், பட், பட், அரைத் தட்டு. அதற்கு சாக்ஸபோன் அதே கணக்கில் மூன்று சுரமும் ஒரு விழுங்கலுமாகச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தது. அப்பா சிரிக்கிற சத்தத்தை எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் கேட்ட மாதிரி ஷெரில் வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியக்காரர்களோடு சேர்த்து அவர் பெயரையும் உறையில் போடப்போவதாகச் சொன்னாள்.

"பு. தணிகாசலம்னு போடும்மா. இனிஷியலை விட்டுடாத" என்றார் அவர்.

எழும்பூரில் ஒரு சின்ன அரங்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புதிய தட்டை வெளியிட்டார்கள். ஷெரில் மேடையில் இரண்டு வார்த்தையில் கதையைச் சொல்லிவிட்டு முள்ளை வைத்தாள். முன்வரிசையில் தணிகாசலம். பக்கத்தில் டிரங்குப் பெட்டி வாசனையோடு பட்டுப்புடவையில் கனகவல்லி. டிரம் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் விரல் உயர்ந்தது. அரங்கம் முழுக்க அந்த விரலையே பார்த்தது. மூன்றாம் முறை முடிந்ததும் கைத்தட்டல் தட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. வந்து பார்த்தால் அது தனியாக இல்லை. அரங்கத்தில் இருந்த அத்தனை கையும் அதோடு சேர்ந்து தட்டியது. நாலாவது தட்டை மட்டும் எல்லோரும் பாதியில் நிறுத்தி, சாக்ஸபோனுக்கு வழி விட்டார்கள்.

பாட்டு முடிந்த பிறகு டிரம் கைத்தட்டலின் பக்கம் வந்தது. ஆனாலும் அன்றைக்கு நீ கொஞ்சம் முந்திவிட்டாய், ஒப்புக்கொள் என்றது.

"நான் சரியான நேரத்துக்குத்தான் வந்தேன்" என்றது கைத்தட்டல். "இவர்கள் வந்து சேரத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று."