ஏழாம் வளைவில் விழும் பேருந்து

பாளையங்கோட்டையில் ஷமீமா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். வீடியோ கேம் செய்கிறவர்கள் வெளியிடுவதற்கு முன் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் சரி என்றால் சென்னைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அவர் பேசாமல் இருந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் ஞானதுரை. டீச்சரைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். வங்கி வேலையை விட்டுவிட்டு, நான்கு வருடம் தனியாக உட்கார்ந்து ஒரு கேம் செய்திருந்தார். மலைப்பாதையில் பேருந்து ஓட்டும் கேம். தேயிலை, மூடுபனி, கண்ணாடியில் வழியும் மழைத்துளி எல்லாம் அதில் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் டீச்சர் சரி சொல்லாவிட்டால் கம்பெனி அவருக்கு ஒதுக்கியிருந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

கேம் என்பது ஒன்றன்பின் ஒன்றாக மாறும் படங்கள்தான். நொடிக்கு அறுபது படம் மாறினால் கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடுகிறபோது சட்டென்று குறைந்தால் திக்கும். ஞானதுரையின் கம்ப்யூட்டரில் அறுபது. புதுப் போனில் அறுபது. டீச்சரின் மேசையில் சோதனைக்கென்று வைத்திருந்த விலை குறைந்த போனில் ஐம்பத்தெட்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் ஞானதுரை கேட்டார்.

"டீச்சர், இங்க நல்லா ஓடுது. வெளிய கொடுத்துப் பாத்தா, சில பேர் திக்குதுன்னு சொல்லுதாங்க. தப்பு என் கேம்லயா, அவங்க போன்லயா?"

"உங்களுக்கு எப்படித் தோணுது, அண்ணாச்சி?"

"போன்லதான். 'இந்தப் போன்களில் ஓடாது'ன்னு எழுதிப் போட்டுட்டா சோலி முடிஞ்சுது."

டீச்சர் செருப்பை மாட்டினார்.

"வாங்க. டீ குடிச்சுட்டு வருவோம்."

"இங்கயே குடிக்கலாமே. வெளிய வெயில் கொளுத்துது. உள்ள ஏசி இருக்கு."

"ஆமா, உள்ள ஏசி இருக்கு" என்றார் டீச்சர், படியில் இறங்கிக்கொண்டே.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. மலைக்குப் போகும் பேருந்தின் ஓட்டுநர் கோமதிநாயகம் அடுத்த நடைக்காகக் காத்திருந்தார். அவர் சட்டைப் பையில் இருந்ததும் மேசையில் இருந்த அதே ரகப் போன்தான்.

"அண்ணே, உங்க போன்ல ஒரு பஸ் கேம் போட்டுத் தாரேன். ஓட்டிப் பாக்கீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"வேலையிலயும் பஸ்ஸு, டீ குடிக்கையிலயும் பஸ்ஸாம்மா?" என்று சிரித்துக்கொண்டே போனை நீட்டினார்.

ஆறு வளைவுகளில் அழகாகத் திருப்பினார். வெயிலில் போன் சுட்டது. கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். ஏழாம் வளைவில் மூடுபனி இறங்கியது. படம் ஒரு கண்ணிமைப்பு நேரம் நின்று, பிறகு குதித்தது. அதற்குள் பேருந்து பள்ளத்தில் கிடந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் அங்கேயே விழுந்தது. மூன்றாம் முறையும் அப்படியே.

"டிரைவரே, இனி நான் உம்ம பஸ்ஸுல ஏற மாட்டேன்" என்றார் டீ ஆற்றியவர். நின்றவர்கள் சிரித்தார்கள்.

கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

"இருவத்திரெண்டு வருசமா இதே மாதிரி ரோட்டுலதான் ஓட்டுதேன்" என்றார் மெல்ல. "கை போயிருச்சு போல. வயசாகுதுல்லா."

போனைப் பையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

கேமைத் திட்டுவார் என்றுதான் ஞானதுரை நினைத்திருந்தார். அதற்குப் பதிலும் வைத்திருந்தார். அந்தப் பதிலைச் சொல்ல இடமே வரவில்லை.

திரும்பும் வழியில் அவரே பேச்சை எடுத்தார்.

"போன் சூடாயிருச்சு, டீச்சர். சூடானா அதுவா வேகத்தைக் குறைச்சுக்கும். ஏசிக்குள்ள சோதிச்சதுல அது தெரியாமப் போச்சு."

"சரி."

"ஆனா சராசரி எடுத்துப் பாத்தா, அவர் போன்லயும் நொடிக்கு நாப்பது படத்துக்குக் குறையாது."

"அவர் சராசரியிலயா விழுந்தாரு?"



அன்று மதியமே ஞானதுரை மேசைப் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். போனை வெயிலில் வைத்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் லேப்டாப்புடன் உட்கார்ந்தார். போனுக்கு வேலையைக் குறைக்க, கேமிலிருந்து கண்ணாடியில் வழிந்த துளிகளை எடுத்தார். இலைகளின் நிழலை எடுத்தார். ஒவ்வொன்றை எடுத்த பிறகும் போன் நன்றாகச் சுடும்வரை காத்திருந்து, ஏழாம் வளைவை ஓட்டிப் பார்த்தார். இன்னும் திக்கியது. மிச்சம் இருந்தது மூடுபனி. ஒரு மழைக்காலம் முழுக்க மலையில் தங்கி, பார்த்துப் பார்த்துச் செய்த மூடுபனி.

புதன்கிழமை டீச்சர் மாடிக்கு வந்தார்.

"இதை எடுத்துட்டா மலையே இல்ல, டீச்சர்."

"வளைவு இருக்கும்லா?"

ஞானதுரை மூடுபனியை எடுத்தார். அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைத் திரை ஒன்றை மட்டும் தொங்கவிட்டார். அதன் பிறகும் படம் ஐம்பதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் துள்ளியது. வியாழக்கிழமையும் முதுகு வேர்க்க உட்கார்ந்து, துள்ளலுக்கான காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து நறுக்கினார். சாயங்காலம் கீழே இறங்கி வந்தார்.

"அறுபது இந்தப் போனுக்கு முடியாது, டீச்சர்."

"எதுல அசையாம நிக்கும்?"

"முப்பதுல. ஏறி இறங்காம ஒரே சீரா ஓடுனா முப்பதும் திக்காது."

"எவ்வளவு சுட்டாலுமா?"

"எவ்வளவு சுட்டாலும். புதுப் போனுக்கு அறுபது, இதுக்கு முப்பதுன்னு பிரிச்சு வச்சுட்டேன்."

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் இருவரும் மறுபடி டீக்கடைக்குப் போனார்கள். கோமதிநாயகம் கையை ஆட்டி மறுத்தார்.

"வேண்டாம்மா. அது நமக்கு வராது."

"டிரைவரே, ஒரே ஒரு தடவை" என்றார் ஞானதுரை. "எனக்காக."

அரைமனதாகப் போனைக் கொடுத்தார். ஞானதுரை புதிய கேமைப் போட்டுக் கொடுத்து, பக்கத்திலேயே நின்றார். முதல் வளைவு. மூன்று. ஐந்து. போன் சுட்டது. ஏழாம் வளைவில் வெள்ளைத் திரை இறங்கியது. படம் நிற்கவும் இல்லை, குதிக்கவும் இல்லை. பேருந்து ஒரே சீராக வளைந்து, ஓரக்கல்லை இடித்து, பள்ளத்தில் விழுந்தது.



"சே" என்றார் கோமதிநாயகம். "வேகத்தைக் குறைக்காம உள்ள விட்டுட்டேன்." போனைத் திருப்பிப் பிடித்து, மீண்டும் முதல் வளைவிலிருந்து ஆரம்பித்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

டீச்சர் சற்றுத் தள்ளிப் போய், தன் போனில் சென்னைக் கம்பெனியின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். ஞானதுரை பின்னாலேயே போனார்.

"டீச்சர், கொஞ்சம் பொறுங்க. இப்பவும் அதே வளைவுலதான் விழுந்தாரு. இன்னும் சரியாகலைன்னுதானே அர்த்தம்?"

டீச்சர் போனைக் காதில் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை நீங்க தள்ளிவிட்டீங்க, அண்ணாச்சி. இன்னைக்கு அவராத்தான் விழுந்தாரு."